மூன்றில் ஒரு பங்கு

எங்கள் எசமான் கில்லம் ஐயாவைப் புதைத்த மூன்றாம் நாள் புகையிலையில் புழு கண்டது. விரல் தடிமனில் பச்சைப் புழு. ஒரு பொழுது அசந்தால் போதும், முழ நீள இலையை நரம்பு மட்டும் மிச்சம் வைத்துத் தின்றுவிடும். துக்க வீடாவது ஒன்றாவது. கங்காணி கொம்பை ஊதி, நடக்கிற கால் அத்தனையையும் வயலுக்கு இறக்கினான். தறிக் கொட்டகையில் நெய்துகொண்டிருந்த வின்னியையும் விடவில்லை. அவளுக்கு அப்போது நாலு மாசம்.

நான் அடுக்களை ஆள் என்பதால் தப்பினேன். என் பெயர் சூக்கி. ராப்பஹானக் ஆற்றில் விழுகிற ஓடைக்கரையில் இருந்த அந்தப் பண்ணையில் பதினெட்டு வருஷமாக அடுப்பு எரித்துக்கொண்டிருந்தேன். எழுத்து தெரியாது. ஆனால் ஒருமுறை காதில் விழுந்தது போகாது.

அன்று மத்தியானம்தான் உயில் வாசித்தார்கள். வெக்கை தாங்காமல் கூடத்துக் கதவுகளைத் திறந்து போட்டிருந்தார்கள். நான் ஆப்பிள் சாராயமும் புகைபோட்ட பன்றித் தொடையும் வைப்பதும் எடுப்பதுமாகப் போய் வந்தேன். ஜூடித் அம்மா கறுப்பு உடுப்பில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மகன் பர்வெல் ஜன்னலோரம் நின்றான். மகள் ஃபிரான்சஸும் அவள் புருஷன் பெட்டஸும் சோபாவில். பெட்டஸ் கென்டக்கியில் நிலம் வாங்கிவிட்டான், புதுவருஷம் பிறந்ததும் வண்டி கட்டுவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

கோர்ட்டு எழுத்தர் மூக்கால் வாசித்தார். கடிகாரம், செம்மறி, வெள்ளிக் கரண்டி என்று போய்க்கொண்டே இருந்தது. அப்புறம்:

'என் அன்பு மகள் ஃபிரான்சஸுக்கு நல்ல இறகு மெத்தை ஒன்று, கறவை இரண்டு, வின்னி என்கிற கறுப்பி. வின்னிக்கு இனிமேல் பிறக்கும் முதல் பிள்ளை, பால் மறந்ததும், ஃபிரான்சஸின் மகளைச் சேரும். சாப்ரா என்கிற சிறுமி என் மனைவி ஜூடித்துக்கு. அவளுக்குத் தெற்குப் பக்க அறை, ஒரு கட்டில், ஓர் அடுப்புக்கு வேண்டிய விறகு.'

சாப்ரா வின்னியின் மகள். ஆறு வயசு.

சமையல்காரி சூக்கியும் அவள் தங்கை ஃபீபியும் பர்வெலுக்கு என்று வந்தது. எனக்கும் ஃபீபிக்கும் ஒரே கூரை. அதைக் கேட்டதும் தட்டு பிடித்திருந்த கை லேசானது. பக்கத்து வரியில் வின்னியை மூன்று துண்டாக்கியிருந்தார்கள், நான் மனசுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

சாப்பாட்டு வாளியை நானே வயலுக்குத் தூக்கிப் போனேன். வின்னி வரிசை நடுவே குனிந்து, இலையைத் திருப்பி, புழுவைப் பிடித்துக் கட்டைவிரலால் நசுக்கிக்கொண்டே வந்தாள். முழங்கை வரை பச்சைப் பிசின்.

"என்னக்கா, நீயே தூக்கிட்டு வர்ற? இன்னொருத்தன் செத்துட்டானா?"

"உக்காருடி, சொல்றேன்."

"நின்னுக்கிட்டே கேக்கறேன். உக்காந்தா கங்காணி வந்துருவான்."

கேட்டபடியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"சாப்ரா கெழவிக்கு."

"ம்."

"நான் ஃபிரான்சஸுக்கு."

"ம்."

"இதுக்கு இன்னும் மூக்கு முழியே வந்திருக்காது. அதுக்குள்ள எசமான் எழுதிட்டானா?" வயிற்றைப் பார்த்தபடி கேட்டாள். பிறகு, "கென்டக்கி எவ்வளவு தூரம்?"

"மலைக்கு அந்தாண்ட. போனவங்க யாரும் வந்து சொன்னதில்ல."

"எப்ப பிரிப்பாங்களாம்?"

"பயிர் முடியற வரைக்கும் யாரையும் அசைக்கக் கூடாதாம். கிறிஸ்துமஸ் வரைக்கும்."

பிசின் விரல்களை மடக்கி எண்ணினாள். "அஞ்சு மாசம். போதும்."

"எதுக்குடி போதும்?"

"அது இன்னும் தெரியல. ஆனா நான் போகப் போறதில்ல."

அழுவாள், தாங்கிப் பிடிக்கலாம் என்றுதான் போயிருந்தேன். அவள் சோள ரொட்டியைப் பச்சைக் கையோடு வாங்கித் தின்றாள். புகையிலைப் பிசின் எட்டிக்காய்க் கசப்பு. முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை.

வின்னியின் புருஷன் ஐஷம் எங்கள் பண்ணை ஆள் இல்லை. ரெண்டு மைல் தள்ளி மாவு மில்காரனுக்குச் சொந்தம். பீப்பாய் செய்கிறவன். சனிக்கிழமை சாயங்காலம் எசமானிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வருவான், திங்கள் கொம்பு ஊதுமுன் போய்விடுவான். வரும்போது வெறுங்கையோடு வரமாட்டான். அந்த வாரம் ஓடையில் பிடித்த நாலு மீன். குடிசை வாசலில் கல் கூட்டி வின்னி பொரித்தாள். நான் அடுக்களையிலிருந்து கொஞ்சம் கொழுப்பு கொண்டு போயிருந்தேன். சாப்ரா அப்பன் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"இவங்க வீட்ல ஒருத்தன் செத்தா நம்ம வீட்ல நாலு பேரு காணாமப் போறோம். நல்ல நோவுதான்," என்றான் ஐஷம். எப்போதும் கேலியாகத்தான் பேசுவான். அன்று குரல் கேலிக்கு ஒத்துழைக்கவில்லை.

"உன் எசமான் என்னை வாங்குவானா, கேட்டியா?"

"கேட்டேன். மில்லுக்கு நெய்யறவ எதுக்குன்னுட்டான்."

மீனைத் திருப்பிப் போட்டாள். ஐஷம்தான் பேச்சை மாற்றுகிற மாதிரி ஆரம்பித்தான்.

"நேத்து கோர்ட்டு வாசல்ல பீப்பாய் இறக்கிட்டிருந்தேன். மேல் ஆத்து ஹார்னபி விதவை வந்து எறங்குச்சு. தடியூன்றிக்கிட்டு உள்ள போயி, 'எம் புருசன் எழுதி வெச்சது எனக்கு வேணாம். சட்டம் என்ன குடுக்குதோ அதைக் குடுங்க'ன்னு சொல்லிச்சாம். பெத்த பையன் தொப்பியைக் கழட்டித் தரையில அடிக்கறான். கெழவி சிரிச்சுக்கிட்டே வண்டி ஏறுது."

வின்னி கரண்டியைக் கீழே வைத்தாள். "திரும்பச் சொல்லு."

"எதை? தொப்பியவா?"

"சட்டம் என்ன குடுக்கும்?"

"மூணுல ஒரு பங்கு. நெலத்துலயும் ஆளுங்கள்லயும். அந்தம்மா உசுரோட இருக்கற மட்டும்."

"எந்த ஆளு வேணும்னு அந்தம்மாவே கேக்கலாமா?"

"மூணு பெரிய மனுசங்க வந்து பிரிப்பாங்களாம். கெழவி வாயி பெருசுன்னா கேட்டது கெடைக்கும்."

"எங்க கெழவிக்கும் வாயி இருக்கு," என்றாள் வின்னி. மீன் ஒரு பக்கம் கருகிவிட்டது. அதையே மூவரும் தின்றார்கள்.

ஜூடித் அம்மா நல்லவள் என்று நான் சொல்லமாட்டேன். கரண்டிக் காம்பால் அவள் போட்ட தழும்பு என் மணிக்கட்டில் இருக்கிறது. ஆனால் நாற்பது வருஷம் இடுப்பில் சாவிக்கொத்தோடு நடந்தவள். ஆகஸ்டில் பர்வெலின் பெண்டாட்டி வந்து சாவியை வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் அம்மாவுக்கு எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. செப்டம்பரில் தினமும் என் அடுக்களையில் வந்து உட்கார்ந்து, யாரும் கேட்காத பயறை உரித்துக் குவித்தாள்.

ஒரு நாள் வின்னி வால்நட் தோலை அண்டாவில் போட்டு நூலுக்குச் சாயம் காய்ச்ச வந்தாள். வயிறு முன்னே வந்துவிட்டது. பக்கவாட்டில் நின்றுதான் கிண்ட முடிந்தது.

"ஹார்னபியம்மாவ எங்கியாச்சும் பாத்தீங்களாம்மா?" என்றாள், அண்டாவைப் பார்த்தபடியே.

"நான் எங்க போறேன் பார்க்கறதுக்கு?"

"நல்லா இருக்காங்களாம். பழையபடி அவங்கதான் வீட்டுக்கு எல்லாமுமாம்."

"அவ புருஷன் அப்படி எழுதினான்."

"இல்லீங்களே. அவரும் ஒரு ரூம்தான் எழுதினாராம். இவங்க கோர்ட்டுக்குப் போயி, வேணாம், சட்டப் பங்கு குடுங்கன்னு வாங்கிட்டாங்களாம்."

பயறு உரிக்கும் சத்தம் நின்றது. நான் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"உன்கிட்ட யாரு சட்டம் கேட்டா?"

"யாரும் கேக்கலம்மா. சாயம் இன்னும் கொஞ்சம் கறுக்கட்டுமா, போதுமா?"

"வாய் நீளுது உனக்கு. கங்காணிகிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லுங்கம்மா."

அம்மா பயற்றைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். "ஏண்டி, முதுகுத் தோலு மேல ஆசை இல்லையா? வயித்துப் பிள்ளைக்காரி!" என்றேன். வின்னி நூலைத் தூக்கி நிறம் பார்த்தாள்.

கங்காணி வரவில்லை. நாலாம் நாள் ஜூடித் அம்மாதான் வந்தாள். பயறைக்கூட எடுக்கவில்லை.

"அந்த ஹார்னபி... நெலத்துலயும் மூணுல ஒண்ணா?"

"நெலத்துலயும்தாம்மா. வீட்லயும்."

"ஆளுங்களை யாரு பொறுக்கினது?"

"அவங்கதான் கேட்டு வாங்கினாங்களாம். வயல்ல வேலை செய்யற தடியனுங்கள எல்லாம் பையனுக்கே விட்டுட்டாங்களாம். அதனால சண்டை சீக்கிரம் முடிஞ்சுதாம். நெய்யறவ, சமைக்கறவ, வீட்டுக்கு ஓடியாட ஒரு சின்னப் பொண்ணு, இப்படிக் கேட்டாங்களாம்."

ஹார்னபி விதவை யாரைக் கேட்டாள் என்று ஐஷம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும். அம்மாவும் வின்னியை வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"நெய்யறவ," என்றாள். "சின்னப் பொண்ணு."

"ஆமாம்மா."

அப்படியும் அவள் போயிருக்கமாட்டாள். போக வைத்தது சர்க்கரை. அடுத்த வாரம் சாப்பாட்டு மேஜையில் தேநீருக்கு இன்னொரு கட்டி கேட்டாள். மருமகள் புருஷனைப் பார்த்தாள். பர்வெல், "இந்த வாரத்துக்கு உங்க கணக்கு ஆயிடுச்சேம்மா," என்றான் சிரித்தபடி. தட்டோடு நான் அங்கேதான் நின்றிருந்தேன். அம்மா கோப்பையைத் தள்ளி வைத்தாள். மறுநாள் காலை வண்டி பூட்டச் சொன்னாள், சின்னப் பெட்டியைத் தூக்க வின்னியைக் கூப்பிட்டாள்.

அன்று சாயங்காலம் வின்னி அடுக்களைப் படியில் உட்கார்ந்து வீங்கிய காலை நீட்டிக்கொண்டாள்.

"உள்ள விடல. ஜன்னல்கிட்ட நின்னேன். மொதல்ல குரலே எழும்பல கெழவிக்கு. அஞ்சு ஜட்ஜுங்களும் குனிஞ்சு குனிஞ்சு 'என்ன மேடம், என்ன மேடம்'ங்கறாங்க. எனக்கு உள்ள ஓடிப்போய் நானே சொல்லிரலாம்னு இருந்துச்சு. அப்புறம் ஒரே கத்தா கத்திச்சு பாரு, 'எனக்கு இந்த உயில் வேணாம்!'னு. வாசல்ல இருந்த குதிரை மெரண்டுருச்சு."

சிரித்தோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதுதான் நாங்கள் சேர்ந்து சிரித்த கடைசித் தடவை என்று எனக்குத் தெரியாது.

நவம்பரில், புகையிலை கொட்டகையில் காய்ந்து பழுத்து, ஈரக் காற்றில் இலை மிருதுவானதும் காம்பிலிருந்து உருவிக் கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தபோது, அந்த மூன்று பெரிய மனுஷர்கள் வந்தார்கள். எங்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். பத்தொன்பது பேர். ஒருவர் எழுதினார், ஒருவர் பல்லைப் பார்த்தார், ஒருவர் மதிப்புச் சொன்னார். வின்னியிடம் வந்ததும், "வயிறும் சேர்த்தா?" என்று எழுதுகிறவர் கேட்டார். "சேர்த்துத்தான்," என்றார் மற்றவர்.

ஜூடித் அம்மா படியில் நின்று ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். "வின்னி. சாப்ரா. சூக்கி. கிழவன் லண்டன்." அப்புறம் இன்னும் இரண்டு பெண்கள். வயலில் உழைக்கிற ஆண்களைத் தொடவே இல்லை. பர்வெலின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. "ஃபீபி," என்றாள் அம்மா. எனக்கு உயிர் வந்தது. பெரிய மனுஷர் காகிதத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"உங்க பங்கு நெறஞ்சு போச்சும்மா."

பெட்டஸ் முன்னால் வந்தான். "அப்போ என் மனைவிக்கு வின்னிக்குப் பதிலா யாரு? அதே வயசுல, பிள்ளை பெறக்கூடியவளா வேணும்." வரிசையில் அவன் கண் போன இடத்தை நான் பார்த்தேன். ஃபீபிக்கு அப்போது இருபது வயசு. புகையிலைத் தூள் ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, என்ன நடக்கிறது என்று என்னைப் பார்த்துக் கண்ணால் கேட்டாள்.

அவளை எழுத ஒரு வரிதான் ஆனது.

வின்னி குடிசைக்கு நான் போனபோது அவள் எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுதானே செஞ்ச?"

"எவளாவது ஒருத்தி போகணும்னு தெரியும். யாருன்னு தெரியாது."

"ஃபீபின்னு தெரிஞ்சிருந்தா?"

கண்ணைத் தாழ்த்தவில்லை. "தெரிஞ்சிருந்தாலும் செஞ்சிருப்பேங்க்கா."

"அவ என் தங்கச்சிடி. நான் தூக்கி வளத்தவ."

"உயில் படிச்ச அன்னிக்கு உனக்கும் ஒரு நிமிசம் சந்தோசமா இருந்திருக்கும்ல? உங்க ரெண்டு பேரையும் சேத்து எழுதினான்னு. நான் அதைத் தப்புன்னு சொல்லல."

அறைந்தேன். கன்னத்தில் கை வைக்காமல் அப்படியே நின்றாள். சாப்ரா உள்ளே அழ ஆரம்பித்தாள். நான் திரும்பி நடந்தேன்.

ஜனவரி ஆறாம் தேதி வண்டி கிளம்பியது. பாதை உறைந்து கல்லாக இருந்தது. ஃபீபிக்கு என் கம்பளியைக் கொடுத்தேன். சோள ரொட்டியும் உப்பு மீனும் ஒரு துணியில் கட்டிக் கொடுத்தேன். "ஆளு யாராச்சும் வந்தா சொல்லி அனுப்பு," என்றேன். "நீ இங்கியேதான் இருப்பியா?" என்று கேட்டாள். "இங்கியேதான் இருப்பேன்," என்றேன். வண்டிக்குப் பின்னால் நடந்தே போனாள். திருப்பத்தில் ஒருமுறை கை தூக்கினாள்.

அதற்கு ரெண்டு நாள் முன்பு வின்னிக்கு ஆண்பிள்ளை பிறந்திருந்தது. ஏபெல் என்று பேர் வைத்தார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

பிப்ரவரியில் ஜூடித் அம்மா நெஞ்சில் சளி கட்டிப் படுத்தாள். டாக்டர் ரத்தம் எடுத்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார். பர்வெலும் பெண்டாட்டியும் வாசலில் நின்று விசாரித்துவிட்டு நகர்ந்தார்கள். வின்னிதான் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு அந்த அறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. வெங்காயத்தைச் சுட்டு நெஞ்சில் வைத்தாள். சூடாக்கிய கல்லைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்தாள். புரட்டினாள், துடைத்தாள், முதுகைத் தட்டிச் சளியைத் துப்ப வைத்தாள். மூன்று மாசமாக என்னோடு பேசாதவள் அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள்.

"கோழிச் சாறு வேணுங்க்கா. உப்புக் கம்மியா."

கொடுக்கமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணைச் சுற்றிக் கருவளையம். நிற்கும்போதே ஆடினாள். முதுகில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அன்றுதான் அதன் முகத்தைப் பார்த்தேன். கிழவி செத்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பங்கு திரும்பிவிடும், மறுபடி முற்றத்தில் நிற்க வேண்டும். நானும்தான்.

சாறு காய்ச்சி நானே மாடிக்கு எடுத்துப் போனேன். வின்னி அம்மாவின் தலையைத் தூக்கிப் பிடித்தாள். ரெண்டு கரண்டி இறங்கியது. மூன்றாவதைக் கையால் தடுத்தாள் அம்மா.

"என்னை விடேன்டி. எதுக்கு இந்தப் பாடு படறே?"

"குடிங்கம்மா."

"பாசமா எம்மேல?"

வின்னி கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். "நீங்க இருக்கணும்மா. அவ்வளவுதான்."

அம்மாவின் கண் வின்னியின் முதுகுக்குப் போனது, பிள்ளை மேல் கொஞ்ச நேரம் நின்றது. "எத்தனை வருஷம் வேணும் உனக்கு?"

"இவன் நல்லா ஓடற வரைக்கும்."

குழந்தைகள் ஓடுவதைப் பற்றித்தான் சொன்னாள் என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள். அறையில் இருந்த நாங்கள் மூவரும் நினைக்கவில்லை. ஜூடித் அம்மா கண்ணை மூடினாள். பிறகு வாயைத் திறந்தாள். வின்னி கரண்டியை உள்ளே விட்டாள். கிண்ணம் காலியாகும்வரை குடித்தாள்.

பதினோரு வருஷம் இருந்தாள் ஜூடித் அம்மா. வருஷா வருஷம் குளிர்காலத்தில் படுப்பாள், வின்னி எழுப்பி உட்கார வைப்பாள். கடைசியில் ஒரு ஏப்ரல் வெள்ளிக்கிழமை தூக்கத்திலேயே போய்விட்டாள். அன்று மதியமே வின்னி சடலத்தைக் குளிப்பாட்டி, நல்ல துணி உடுத்தி, தலைவாரி விட்டாள். சனிக்கிழமை அடக்கம். ஐஷம் வழக்கம்போல் சாயங்காலம் வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, யாரும் ஆள் எண்ணமாட்டார்கள். அன்று காலை வின்னி என் அடுக்களைக்கு வந்தாள். "வர்றியாக்கா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

"ஃபீபி சொல்லியனுப்பினா ஆளு இருக்கணும்ல," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். நான் விடுவித்துக்கொள்ளவில்லை. சுட்டு வைத்திருந்த ரொட்டி அத்தனையையும் அவள் மடியில் கட்டினேன்.

திங்கட்கிழமை காலை பர்வெலும் எழுத்தரும் காகிதத்தோடு முற்றத்தில் வந்து நின்றார்கள். எழுத்தர் மூக்கால் வாசித்தார்.

"சூக்கி."

"இருக்கேன்யா."

"வின்னி."

தறிக் கொட்டகைக் கதவு காற்றில் ஆடியது.

"சாப்ரா."

பர்வெல் குடிசைப் பக்கம் திரும்பினான்.

"ஏபெல்." எழுத்தர் காகிதத்தைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தார். "எங்க இவங்கல்லாம்?"

"நேத்து ஞாயித்துக்கிழமைங்கய்யா," என்றேன். "எங்கியாச்சும் போயிருப்பாங்க."